அய்யா ஏறிய பனைகளை எண்ணி எழுதுங்கள்

"கடின உழைப்பாளி, பாசமான தந்தை." உடன்குடி, வேம்பார், சாயல்குடி வட்டாரத்தில் வயதான பனையேறி ஒருவர் காலமானால் தெருமுனை பிளெக்ஸில் பெயருக்குக் கீழே வருவது இதுதான். முதலாண்டு நினைவஞ்சலியிலும் இதுவே திரும்ப வரும். சொன்னது பொய்யில்லை. ஆனால் வங்கி அதிகாரிக்கும் லாரி ஓட்டுநருக்கும் மளிகைக்கடைக்காரருக்கும் இதே வரியைத்தான் போடுகிறோம். அவர் பருவத்துக்கு எத்தனை பனை எடுத்தார், யார் காட்டில் எடுத்தார், நாளுக்கு எத்தனை கருப்பட்டி ஊற்றினார்கள், யாரிடம் முன்பணம் வாங்கினார் என்று கேட்டால், நன்றாகப் படித்து நல்ல வேலையில் இருக்கும் பிள்ளைகள் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறார்கள். அம்மாவும் இல்லாத வீட்டில் அந்தக் கேள்வி அப்படியே நின்றுவிடுகிறது. நாற்பது வருடம் ஒரு மனிதர் செய்த வேலை ஒரே தலைமுறையில் விவரமே இல்லாமல் போவதை என்னால் சும்மா விட முடியவில்லை.

பிள்ளைகள் நன்றி கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்களுக்கு ஏன் தெரியாமல் போனது என்பதற்குள்தான் அந்த அப்பாவின் பாசம் இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன் வேலை என்னவென்று கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

காலை ஏற்றம், மாலை ஏற்றம்

பருவம் தை, மாசியில் தொடங்கும். ஆடி வரை போகும். பங்குனி, சித்திரை, வைகாசி உச்சம். பதநீர் ஊறுவதற்கு முன்பே வேலை ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு மரமாக ஏறிக் காய்ந்த ஓலையையும், மட்டையடியில் வலைபோல இருக்கும் பன்னாடையையும் கழித்து, மரத்தின் உச்சியான கொண்டைக்குள் ஆள் நுழைய வழி செய்வார்கள். மட்டையின் இரண்டு ஓரத்திலும் ரம்பப் பல்லாக இருக்கும் கருக்கைச் சீவாமல் விட்டால் முன்கையையும் தொடையையும் கிழித்துவிடும். பிறகு பனையின் பூங்கொத்தான பாளையை இடுக்க வேண்டும். கடிப்பு என்ற மரக்கருவியின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் பாளையை வைத்து, அடியிலிருந்து நுனி வரை பல நாள் அமுக்கிக் கொடுப்பார்கள். ஆண் பனையின் பாளை விரல் விரலாக நீண்டிருக்கும், அதற்கு ஒரு கடிப்பு. பெண் பனையின் பாளையில் குரும்பை, அதாவது பிஞ்சுக் காய், இருக்கும், அதற்கு வேறு கடிப்பு. கூடுதலாக அமுக்கினால் பாளை நசுங்கி அழுகும், போதாமல் அமுக்கினால் சுரக்காது. எவ்வளவு அமுக்கலாம் என்பதற்கு அளவுகோல் கிடையாது. கைக்குத்தான் தெரியும், அந்தக் கைக்குத் தெரிவதற்கு இரண்டு மூன்று பருவம் ஆகும்.

ஒரு வாரம், பத்து நாளில் நுனியில் துளிர்க்கும். அதன் பிறகு ஒரு நாளும் விடுமுறை இல்லை. பாளையின் வெட்டுமுகத்தைக் காலையிலும் மாலையிலும் தாள் கனத்துக்குச் சீவிவிட வேண்டும். ஒரு வேளை விட்டால் முகம் அடைத்துக்கொண்டு ஊறல் குறையும். இரண்டு மூன்று நாள் விட்டால் அந்தப் பாளை அந்தப் பருவத்துக்குப் போனதுதான். கனமாகச் சீவினாலும் நட்டம், பருவம் முழுக்க வர வேண்டிய பாளை பாதியிலேயே தீர்ந்துவிடும். பனையேறியின் அரிவாள் அவ்வளவு கூர்மையாக இருப்பது இதற்காகத்தான். கருங்கல்லில் தீட்டுவதோடு விடமாட்டார்கள். மரப்பலகையில் வெள்ளைக் கல்லான வெங்கச்சங்கல்லின் பொடியைத் தூவி, அலகைச் சாய்த்து, மெல்ல இழுத்து இழுத்துத் தீட்டுவார்கள். கூர் மழுங்கினால் பாளையின் நார் பிய்யும், பிய்ந்த இடத்தில் ஊறல் நிற்கும்.

ஆகவே காய்ச்சல் வந்தாலும் ஏற வேண்டும். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு இரண்டு ஏற்றத்துக்கு நடுவில்தான் போய்வர முடியும். "அப்பா எந்த விசேஷத்துக்கும் வந்ததில்லை" என்று பனையேறி வீட்டுப் பிள்ளைகள் சொல்வதுண்டு. பங்குனி, சித்திரை, வைகாசி முகூர்த்தம் நிறைந்த மாதங்கள். பாளைக்கு அதெல்லாம் தெரியாது.

ஏறும் கருவிகளும் அதிகமில்லை. முருக்குத்தடியை அடிமரத்தில் சாய்த்து, அதில் கால் வைத்து எழும்புவார். அதற்கு மேலே இரண்டு பாதத்தையும் இணைக்கும் நார் வளையமான திளாப்பு, மரத்தைக் கட்டிக்கொள்ளும் இரண்டு கை, அவ்வளவே. இடுப்பின் பின்பக்கம் அரிவாள்பெட்டி. அதற்குள் மட்டை கழிக்க ஒரு அரிவாள், பாளை சீவ ஒரு அரிவாள், சுண்ணாம்பு. கூடவே கலயம். இறங்கும்போது நிறைந்த குடுவையும் சேர்ந்து இறங்கும். மார்பிலும் முன்கையிலும் உள்தொடையிலும் தோல் காய்த்துத் தடித்துவிடும். பாதம் அகலமாகும், கால் கொஞ்சம் வளைந்துபோகும். வயதான பனையேறியை நடையிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 மரம், சராசரி 40 அடி உயரம், காலையும் மாலையும். நாளுக்கு 3,200 அடி ஏற்றம், அதே அளவு இறக்கம். மீட்டரில் கிட்டத்தட்ட 975. திருச்சி மலைக்கோட்டைப் பாறை 83 மீட்டர். ஒரே நாளில் அந்த உயரத்தைப் பன்னிரண்டு தடவை ஏறி இறங்குவதற்குச் சமம், படியும் கைப்பிடியும் இல்லாமல். மறுநாளும் அதே. பருவம் முடிகிற வரை அதே.

விபத்தைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். நனைந்த மரம் வழுக்கும். தேய்ந்த திளாப்பு அறும். கொண்டைக்குள் குளவி கட்டியிருக்கும், பாம்போ தேளோ இருக்கும். கையை எடுத்து உதற முடியாத உயரத்தில் குளவி கொட்டும். விழுந்தவர்களில் இறந்தவர்கள் உண்டு. முதுகெலும்பு உடைந்து பல வருடம் கட்டிலில் கிடந்தவர்களும் உண்டு. அந்தக் குடும்பங்களில் மூத்த பிள்ளை என்ன படித்துக்கொண்டிருந்தது, எந்த வகுப்போடு நின்றது என்பதும் அந்த அப்பாவின் வரலாற்றோடு சேர்ந்ததுதான்.

விடிலியில் பாதி வேலை

அப்பாவைப் பற்றி எழுதுகிறவர்கள் மரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பதநீர் மரத்திலிருந்து இறங்கியவுடன் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. மீதி, பனங்காட்டில் போடும் ஓலைக்குடிசையான விடிலியில், பெரும்பாலும் அம்மாவின் கையில். இரண்டையும் சேர்த்துத்தான் ஒரு கருப்பட்டி.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவித்தான் பாளையில் கட்டுவார்கள். பதநீர் புளித்துக் கள்ளாகாமல் தடுப்பது அந்தச் சுண்ணாம்புதான். கொஞ்சம் குறைந்தால் புளிப்பேறிவிடும். புளித்த பதநீரை எவ்வளவு காய்ச்சினாலும் கருப்பட்டி இறுகாது, இளகிக்கொண்டே இருக்கும். கூடிவிட்டால் கருப்பட்டி கறுத்து, நாக்கில் காரும். வெயில் ஏற ஏற அளவை மாற்ற வேண்டும். 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருப்பதால் சுண்ணாம்பில் இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. சரியாகத் தடவாத கலயத்தால் சரக்கு போவதோடு நிற்காது, வழக்கும் வரலாம்.

ஒரு மரத்துக்கு நாளுக்கு இரண்டு, மூன்று லிட்டர் என்று வைத்தாலும் 40 மரத்துக்கு நூறு லிட்டரைத் தொடும். எட்டு லிட்டர், சில நாளில் பத்து லிட்டர் பதநீருக்கு ஒரு கிலோ கருப்பட்டி. நாளுக்குப் பத்து, பன்னிரண்டு கிலோ. பன்னாடையில் வடிகட்டி அடுப்பில் ஏற்றினால் இரண்டு, மூன்று மணி நேரம் எரிய வேண்டும். எரிக்கக் காய்ந்த ஓலையும் மட்டையும் போதாது, சுள்ளி பொறுக்கக் காடு முழுக்க அலைய வேண்டும். பொங்கி வரும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டால் நுரை அடங்கும். கெட்டிப்படத் தொடங்கியதும் கிண்டுகிற கை நிற்கக் கூடாது, நின்றால் அடிப்பிடித்துக் கரிவாடை ஏறும். துளிப் பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். உருண்டால் பதம். உடனே இறக்கி, நனைத்து வைத்த சிரட்டைகளில் ஊற்ற வேண்டும். நிமிடம் தவறினால் சட்டியிலேயே இறுகிவிடும், முன்னாலேயே இறக்கினால் சிரட்டையில் இறுகாது. ஓலைக்கூரைக்குக் கீழே, பங்குனி வெயிலில், அடுப்புக்கு முன்னால் இது தினமும் நடக்கும்.

விற்பனைக்கு நீளமாகப் போக வேண்டாம், ஆனால் விடவும் முடியாது. பல ஊர்களில் மரம் ஏறுபவருக்குச் சொந்தமில்லை. ஒரு நாள் பதநீர் மரக்காரருக்கு, மறுநாள் பதநீர் ஏறுபவருக்கு என்ற முறை உண்டு, மொத்தமாகப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுப்பதும் உண்டு. பருவம் தொடங்குவதற்கு முன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார். அந்தக் கடனுக்காகச் சந்தை விலைக்குக் கீழே கருப்பட்டியை அவரிடமே போட வேண்டும். பருவ முடிவில் கணக்குப் பார்த்தால் மிச்சம் சொற்பம். மழைக்காலத்து அரிசிக்கு மறுபடி முன்பணம். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு இன்று புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தப் பெயரை உண்டாக்கிய கைகளில் பாதி, அது வருவதற்கு முன்பே போய்விட்டது.

ஏன் பிள்ளைக்குக் காட்டவில்லை

பிள்ளைகளுக்கு ஏன் தெரியாமல் போனது என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். முன்பு பருவம் வந்தால் குடும்பமே பனங்காட்டுக்குக் கிளம்பும். ஊர் விட்டு ஊர், சிலர் மாவட்டம் விட்டு மாவட்டம். விடிலி போட்டு ஐந்து மாதம் அங்கேயே. பிள்ளைகள் சுள்ளி பொறுக்கும், சிரட்டை கழுவும், கலயம் எடுத்துக் கொடுக்கும். பையன் கொஞ்சம் வளர்ந்ததும் இளம்பனையான வடலியில் ஏறிப் பழகுவான். பள்ளிக்கூடத்தில் முழு ஆண்டுத் தேர்வு வருவதும் சரியாக அந்தப் பங்குனியில்தான். பதநீர் உச்சத்தில் இருக்கும் மாதமும் தேர்வு மாதமும் ஒன்று. காட்டுக்குப் போன பிள்ளை தேர்வு எழுதாது, மறு வருடம் பள்ளிக்கும் போகாது. இப்படித்தான் தொழில் அப்பனிடமிருந்து மகனுக்கு வந்துகொண்டிருந்தது.

ஒரு தலைமுறை இந்தச் சங்கிலியை வேண்டுமென்றே அறுத்தது. 1956-இல் பள்ளிகளில் மதிய உணவு வந்த பிறகு, பகலில் ஒரு வேளைச் சோறு உறுதி என்றானதும் பிள்ளையை ஊரில் விட்டுப் போக ஒரு வழி பிறந்தது. பாட்டியிடமோ அத்தையிடமோ விட்டார்கள், பிறகு விடுதிகளில் விட்டார்கள். பிள்ளையை விட்டுப்போவது பனையேறிக்குச் சின்ன இழப்பில்லை. கலயம் கழுவ, சுள்ளி கொண்டுவர, அடுப்பைப் பார்த்துக்கொள்ள இருந்த இரண்டு சிறு கைகள் குறைகின்றன. பத்து மரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அந்த வேலையையும் புருசனும் பெண்டாட்டியும் இழுத்துப் போட்டுச் செய்ய வேண்டும். பெரும்பாலானோர் இழுத்துப் போட்டுத்தான் செய்தார்கள். பிள்ளை விடுமுறைக்கு விடிலிக்கு வந்து ஆசையாக மரத்தில் கை வைத்தால் கீழிருந்து அதட்டல் வரும். "ஏல, எறங்குல. ஒனக்கு எதுக்கு இது? போய்ப் படி." திளாப்பைப் பிள்ளை எடுத்துக் காலில் மாட்டிப் பார்த்தால் பிடுங்கிக் கூரை ஓரத்து எறவாணத்தில் செருகிவிடுவார்.

தொழில் தெரிந்த அப்பன் எவனும் பிள்ளைக்கு அதைக் கற்றுக்கொடுக்கத்தான் ஆசைப்படுவான். தச்சரும் கொத்தனாரும் அப்படித்தான் கொடுத்தார்கள். பனையேறி தன் கைக்கு மட்டும் தெரிந்த அந்த அமுக்கலை, அந்தச் சீவலை, மரம் மரமாகத் தெரிந்த குணத்தை எல்லாம் பிள்ளைக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டார். பிள்ளை தப்பிப் போக வேண்டும் என்பதற்காகத் தன்னிடம் இருந்த ஒரே வித்தையை மறைத்தார். வருடத்தில் ஐந்து மாதம் வீட்டில் இல்லாத அப்பா, விசேஷத்துக்கு வராத அப்பா, கிட்டே போனால் அதட்டும் அப்பா என்று பிள்ளையின் நினைவில் தங்கிவிட்டது. கொஞ்சிப் பேசியிருந்தால் நினைவிருந்திருக்கும். அவர் செய்தது தூரத்தில் வைத்தது. அந்தத் தூரத்துக்கு அவர் கொடுத்த விலை பிள்ளைக்குத் தெரியவில்லை, ஏனென்றால் வேலையே தெரியவில்லை. "பாசமான தந்தை" என்ற வரியில் எனக்குப் போதாமல் இருப்பது இதுதான். இந்தப் பாசத்தை, வேலையின் விவரம் இல்லாமல் சொல்லவே முடியாது.

எப்படி எழுதி வைப்பது

அவர் உயிரோடு இருந்தால் இன்றே உட்காருங்கள். இல்லையென்றால் அம்மாவிடமிருந்து தொடங்குங்கள். "அப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "நல்ல மனுசன், பாவம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பொருளைப் பற்றிக் கேளுங்கள். விடிலியின் வாசல் எந்தப் பக்கம் பார்த்திருந்தது? காற்று எந்தப் பக்கம் அடித்தால் அடுப்பு புகையும்? ஆமணக்கு எத்தனை முத்து? ஒரு அடுப்புக்கு எத்தனை சிரட்டை? முதல் ஏற்றம் எந்த மரத்தில், கடைசி எதில்? அவர் விழுந்தது எந்த மரம், எந்த வருடம், யார் தூக்கி வந்தது? இப்படிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்கள், நீங்கள் கேட்காததையும் சொல்வார்கள். போன் ரெக்கார்டரை ஆன் செய்து பக்கத்தில் வைத்துவிடுங்கள், கையில் பிடித்து நீட்ட வேண்டாம். கேமராவை முகத்துக்கு நேரே வைத்தால் பேச்சு மேடைத் தமிழாக மாறிவிடும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்காதீர்கள். முதல் நாள் சொன்ன வருடம் இரண்டாம் நாள் மாறினால் திருத்த வேண்டாம், இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். வருடம் நினைவில்லாதவர்களுக்குப் புயல், பஞ்சம், யாருடைய கல்யாணம், யார் பிறந்தது என்று கேட்டால் வந்துவிடும்.

அடுத்தது அவரோடு ஏறியவர்கள். ஒரே காட்டில் பக்கத்து மரங்களில் ஏறியவருக்கு மனைவிக்கும் தெரியாதவை தெரியும். மேலே இருந்தபடியே ஒருவருக்கொருவர் சத்தம் கொடுத்துப் பேசிக்கொள்வார்கள். கடன் எவ்வளவு, எந்த வியாபாரி, மகளுக்கு நகை எப்படிச் சேர்ந்தது என்பதெல்லாம் அந்த உயரத்தில் பேசப்பட்டவை. அவர்களில் பலருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. முடிந்தால் அவர்களையோ அம்மாவையோ காட்டுக்கே கூட்டிப் போங்கள். கூனப்பனை, கிணத்தடிப் பனை, இடி விழுந்த பனை என்று மரத்துக்குப் பெயர் இருக்கும். நின்றுகொண்டிருக்கும் மரங்களைப் போன் வரைபடத்தில் ஒவ்வொன்றாகக் குறியுங்கள், வெட்டுப்பட்ட இடத்தையும் குறியுங்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. அதற்கு முன்பே செங்கல் சூளைக்குப் போன மரங்கள் கணக்கில்லை.

காகிதங்களையும் தேடுங்கள். நலவாரிய அட்டை, கூட்டுறவுச் சங்கப் புத்தகம், வியாபாரி எழுதிக் கொடுத்த முன்பணச் சீட்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ். கடைசியில் சொன்னதை அலட்சியமாக நினைக்காதீர்கள். "தந்தையின் தொழில்" என்ற இடத்தில் யார் என்ன எழுதினார்கள் என்று பாருங்கள். சிலவற்றில் பனைத் தொழில் என்றிருக்கும், சிலவற்றில் கூலி, சிலவற்றில் விவசாயம். எந்தப் பிள்ளையின் சான்றிதழில் எது இருக்கிறது என்பதே குடும்பத்தின் ஒரு பக்கம்.

கருவிகள் பரணிலும் எறவாணத்திலும் கிடக்கும். அரிவாளைத் துரு போகப் பளபளவென்று தேய்க்க வேண்டாம், அலகு தேய்ந்த விதமே அவர் கையின் பழக்கத்தைக் காட்டும். துணியால் துடைத்து மெலிதாகத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். திளாப்பு, ஓலைப்பெட்டி போன்ற நார்ப் பொருள்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். நிழலில் உலர்த்தி, பருத்தித் துணியில் சுற்றி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள், பூச்சி அரிப்பு ஆரம்பித்திருந்தால் அப்போதே தெரியும். ஒவ்வொன்றையும் அளந்து, பக்கத்தில் அடிக்கோல் வைத்துப் படம் எடுங்கள். படத்தின் பின்னால், அல்லது கோப்பின் பெயரில், வீட்டில் அதைச் சொன்ன பெயரையே எழுதுங்கள்.

எழுதும்போது அளவுகளை விடாதீர்கள். எத்தனை மரம், எத்தனை லிட்டர், எத்தனை கிலோ, என்ன விலை, எவ்வளவு கடன். பெருமையாகத் தோன்றாத வருடங்களையும் எழுதுங்கள். மழை பெய்து பருவம் கெட்ட வருடம், புளித்துப்போய்க் கொட்டிய பதநீர், குடித்துவிட்டு வந்து சண்டை போட்ட இரவுகள் இருந்தால் அவையும். உழைப்பாளி என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு ஆளை நிறுத்த அவையும் வேண்டும்.

உங்கள் அப்பாவின் வேலையைக் கண்ணால் பார்த்ததே இல்லை என்றால், இன்னும் ஏறுகிறவர்கள் செம்மண் மேடுகளான தேரிக்காட்டுப் பக்கத்திலும் வேம்பார், சாயல்குடி பக்கத்திலும் இருக்கிறார்கள். ஆவணிக்கு மேல் போனால் கட்டிய கலயமும் எரிகிற அடுப்பும் இருக்காது. பங்குனி, சித்திரையில் போங்கள், முன்பே கேட்டுவிட்டுப் போங்கள். முதல் ஏற்றத்தைப் பார்க்க விடிவதற்கு முன்பே காட்டில் இருக்க வேண்டும். பாகு இறக்குவதைப் பார்க்கப் பகல் பதினொரு மணி வரை விடிலியில் காத்திருங்கள். மேலே இருப்பவரைக் கீழிருந்து பேச்சுக் கொடுத்துத் தொந்தரவு செய்யாதீர்கள், கேள்விகளை அவர் இறங்கியபின் கேளுங்கள். கிளம்பும்போது கருப்பட்டியை அவர்களிடமே, அவர்கள் சொல்லும் விலைக்கு வாங்குங்கள்.